விலையில்லா மென்பொருளுக்கு யார் கூலி தருவது?

"சும்மா கெடச்சதுக்கு எதுக்குங்க தம்பி காசு?"

பல்லடத்துக்கு அருகில் விசைத்தறிக்கூடம் நடத்தும் பெரியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் இப்பகுதியில் கணினிப் பராமரிப்புத் தொழில் செய்பவன். நூல் வரவையும் துணி அனுப்புகையையும் பதிவுசெய்வதற்காக அவருடைய அலுவலகத்தில் கட்டற்ற மென்பொருள் ஒன்றை நான்தான் நிறுவிக் கொடுத்திருந்தேன். உரிமக் கட்டணம் ஏதுமில்லை. ஆங்கிலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தமிழில் அனுப்புச்சீட்டு அச்சடிக்கத் தொடங்கியதும் சிக்கல் முளைத்தது. 'பொங்கலூர்' என்ற ஊர்ப்பெயரில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகச் சிதறி நின்றன. 'கோடங்கிபாளையம்' படிக்கவே முடியாதபடி அச்சாயிற்று. லாரி ஓட்டுநர் ஒருவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊருங்க?" என்று கேட்டாராம்.

மென்பொருளை உருவாக்கியவர்களுக்குக் குறையை எழுதி அனுப்பினேன். நான்கு மாதங்கள் கழித்து மறுமொழி வந்தது. தாங்கள் ஓய்வுநேரத்தில் இப்பணியைச் செய்பவர்கள் என்றும், தங்களில் எவருக்கும் தமிழ் தெரியாது என்றும், யாரேனும் திருத்தம் எழுதி அனுப்பினால் மகிழ்ச்சியுடன் சேர்த்துக்கொள்வோம் என்றும் அதில் இருந்தது. முதலில் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பது பிறகு புரிந்தது. அவர்களுக்கு நான் ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை.

கோவையில் நிரல் எழுதும் பெண் ஒருவரை அணுகினேன். பத்து நாள் வேலை, 18,000 ரூபாய் ஆகும் என்றார். அதைத் தறிக்கூட உரிமையாளரிடம் சொன்னபோதுதான் மேற்கண்ட கேள்வி எழுந்தது. அவர் கஞ்சர் அல்லர். அன்று காலையில்தான் தறி பிட்டர் வந்து இரண்டு தறிகளைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார். அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தனுப்பியிருந்தார். தறிக்குப் பிட்டர் வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. மென்பொருளுக்கும் பிட்டர் உண்டு, அவருக்கும் கூலி உண்டு என்பதுதான் புதிதாக இருந்தது.

கூலி என்றால் என்னவென்று இந்த ஊருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒப்புக்கொண்ட கூலி உயர்வு வேண்டும் என்று கோவை, திருப்பூர் மாவட்டங்களின் விசைத்தறியாளர்கள் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தினார்கள். உழைப்புக்கு விலை உண்டு என்பதற்காகத் தன் பிழைப்பையே நிறுத்தி வைத்த ஊர், கணினித் திரைக்குப் பின்னால் இருக்கும் உழைப்புக்கு மட்டும் விலை இல்லை என்று நினைப்பது ஏன்?

சொல்லில் தொடங்கும் குழப்பம்

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விடுதலையையும் குறிக்கும், இலவசத்தையும் குறிக்கும். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதால் 'கட்டற்ற மென்பொருள்' என்று சரியாகவே பெயர் வைத்தோம். ஆனால், நடைமுறையில் அதை இலவசம் என்றே புரிந்துகொண்டோம். 'விலையில்லா' என்ற சொல் அரசுத் திட்டங்கள் வழியாக நம் காதில் ஊறிப்போனதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

குனு திட்டத்தை 1983-இல் அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், மென்பொருளைப் பயன்படுத்தவும், அதன் உள்ளமைப்பைப் படித்து மாற்றவும், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும், மாற்றிய வடிவத்தைப் பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்றார். காசு வாங்கக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. 1985-இல் 'ஈமேக்ஸ்' என்ற தன் மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அவரே விற்றார். 1991-இல் வெளியான குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. விரும்புவோர் கட்டணம் பெற்றுக்கொண்டு உத்தரவாதம் அளிக்கலாம் என்றும் அதே உரிமம் சொல்கிறது. அதாவது, பராமரிப்புக்குக் கூலி என்பது இந்த ஏற்பாட்டுக்குள் பின்னாளில் யாரோ புகுத்திய வணிகத் தந்திரம் அன்று. தொடக்கத்திலேயே அதற்கு இடம் இருந்தது.

அந்த இடத்தை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது, 1989-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மூவர் தொடங்கிய சிக்னஸ் என்ற நிறுவனம். கட்டற்ற மென்பொருளை நிறுவனங்களுக்குத் தேவையானபடி திருத்திக் கொடுப்பதும், பழுது வந்தால் பொறுப்பேற்பதும் அவர்கள் தொழில். மென்பொருளை விற்கவில்லை, வேலையை விற்றார்கள். பின்னர் ரெட் ஹேட் நிறுவனம் சிக்னஸை வாங்கியது. ஆண்டுச் சந்தா பெற்றுக்கொண்டு லினக்ஸைப் பராமரித்துக் கொடுப்பதையே தொழிலாக வளர்த்த ரெட் ஹேட்டை, 2019-இல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. எவரும் படியெடுக்கக்கூடிய மென்பொருளை வைத்திருந்த நிறுவனத்துக்கு இத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது? பழுது ஏற்பட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கைதான் அந்த மதிப்பு.

கொம்பை ஒட்டவைக்கும் கை

எங்கள் தறிக்கூடச் சீட்டுக்குத் திரும்புகிறேன். 'பொ' என்ற எழுத்தைக் கணினி 'ப' என்றும் அதன் பின் 'ஒ'கரக் குறி என்றும் சேமிக்கிறது. காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை எழுத்துக்கு முன்னும் காலைப் பின்னும் வைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த வேலை தேவையில்லை என்பதால், பல மென்பொருள்களில் இது விடுபட்டுப் போகிறது. தமிழர் ஒருவர் முறையிடும்வரை குறை இருப்பதே எவருக்கும் தெரியாது.

இந்த வேலையைச் செய்வதற்கென்றே 'ஹார்ஃப்பஸ்' என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளிலும் லிப்ரே ஆபிஸிலும் தமிழ் எழுத்துகளை உரிய இடத்தில் நிறுத்துவது அதுதான். இந்தக் கட்டுரையைக் கைப்பேசியில் படிப்பவர்களில் பலருக்கு, கொம்பும் காலும் பிசகாமல் தெரிவது அதன் தயவால்தான். அதை முதன்மையாக உருவாக்கிய பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் ரெட் ஹேட்டிலும் பின்னர் கூகுளிலும் சம்பளம் பெற்ற பொறியாளர். அதாவது, விலையின்றி நமக்குக் கிடைத்த தமிழுக்கு ஏற்கெனவே ஒருவர் கூலி கொடுத்திருக்கிறார். அந்த ஒருவர் நாம் இல்லை என்பது மட்டுமே விஷயம்.

கணினித் தமிழின் வரலாறு பெரும்பாலும் கூலி வாங்காதவர்களின் வரலாறு என்பதையும் மறுக்க முடியாது. எ-கலப்பை போன்ற விசைப்பலகைகளும், லினக்ஸின் தமிழாக்கமும், திறமூல எழுத்துருக்களும் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் இரவுகளிலும் விடுமுறைகளிலும் செய்த உழைப்பால் வந்தவை. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால், ஒரு மொழியின் அன்றாடப் பயன்பாட்டை எத்தனை காலத்துக்குச் சிலருடைய விடுமுறை நாள்களின் மீது ஏற்றி வைப்பது?

கூலி தராததன் விலை

கூலி கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்துவிட்டது. இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல்லையும் வங்கி விவரங்களையும் மறையாக்கம் செய்யும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்ற மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் ஓட்டை இருந்தது 2014 ஏப்ரலில் வெளிவந்தது. உலகின் மிகப்பெரும் நிறுவனங்கள் பயன்படுத்திவந்த அந்த மென்பொருளுக்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒரே ஒருவர். அதன் பிறகே பெருநிறுவனங்கள் கூடி நிதி ஒதுக்கின.

பத்தாண்டுகள் கழித்து, 2024 மார்ச் 29 அன்று இன்னொரு செய்தி. 'எக்ஸ்.இசட்.' என்ற, கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள் ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது. அதை ஊதியமின்றிப் பராமரித்துவந்தவர் தனி ஒருவர். வேலை மெதுவாக நடக்கிறது என்று சிலர் அவரை நெருக்கினார்கள். உதவ முன்வந்தவர் போல ஒருவர் 'ஜியா டான்' என்ற பெயரில் நுழைந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உண்மையாகவே உழைத்து, நம்பிக்கையைப் பெற்று, பின்னர் கள்ளக் கதவு ஒன்றைச் செருகிவிட்டார். மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததால் அது பிடிபட்டது. களைத்துப்போன ஒரு தனிமனிதருக்கு உதவியாளர் ஒருவரை அமர்த்த ஆகும் சம்பளம், அந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் எம்மாத்திரம்?

'என் காசில் அடுத்தவருக்கு ஏன்?'

தறிக்கூட உரிமையாளர் ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். கோவைப் பெண் குறையைக் கண்டுபிடித்தார். சீட்டை அச்சுக்கு ஆயத்தம் செய்யும் பகுதி எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது. அதை ஹார்ஃப்பஸுடன் இணைத்ததும் பொங்கலூர் பொங்கலூராகவே அச்சானது. அந்தத் திருத்தத்தை மூல மென்பொருளுக்கே அனுப்பிவைத்தோம். அங்கே அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இதைச் சொன்னபோது உரிமையாளர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். "அப்ப நாங் குடுத்த காசுல கேரளாக்காரருக்கும் பில்லு சரியா வருமுங்களா?" அவர் விளையாட்டாகக் கேட்டாலும் அது உண்மை. மலையாளத்திலும் வங்காளத்திலும் இதே போல் முன்னால் வரும் குறிகள் உண்டு. ஒரே திருத்தம் மூன்று மொழிகளுக்கும் உதவியது. முதல் கேள்வியைவிட இந்தக் கேள்வி கனமானது. ஒருவர் செலவு செய்ய, எல்லோரும் அனுபவிப்பார்கள் என்றால், அறிவுள்ளவர் எவரும் முதலில் செலவு செய்ய மாட்டார்; அடுத்தவர் செய்யட்டும் என்று காத்திருப்பார். எல்லோரும் காத்திருந்தால் கொம்பு இருந்த இடத்திலேயே கிடக்கும்.

"வாய்க்கால் வேலைக்கு நீங்க போறதில்லைங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டேன். அவருக்குப் பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. நான்கு மண்டலங்களாகப் பிரித்துச் சுழற்சியில் தண்ணீர் விடும் திட்டம் அது. தன் முறை வரும்முன் வாய்க்காலில் வளர்ந்த புதரை வெட்டாவிட்டால் தண்ணீர் தன் வயலுக்கும் வராது, கடைமடைக்கும் போகாது. தான் வெட்டிய பகுதியில் ஓடும் தண்ணீர் அடுத்தவர் தோட்டத்துக்கும் போகிறதே என்று எவரும் மண்வெட்டியைக் கீழே போடுவதில்லை. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் ஊரார் உழைப்புக் கொடுக்கும் இந்த வழக்கத்துக்குத்தான் குடிமராமத்து என்று பெயர். உழைக்க வராதவர்களிடம் அதன் செலவை வசூலிக்க 1858-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பொதுவில் ஒன்றைப் பேணுவது ஒருபோதும் தானாக நடந்ததில்லை.

எட்டு மாதங்கள் கழித்து அந்த மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்தது. பழைய கணக்குகளை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி அதில் இருந்தது. எங்கோ ஒரு நிறுவனம் தன் தேவைக்குக் காசு கொடுத்துச் செய்வித்தது. எங்கள் உரிமையாளர் அதற்கு ஒரு பைசாவும் தரவில்லை. "அந்தாளுக்கு ஒரு நன்றியச் சொல்லீருங்க தம்பி" என்றார்.

கொடையும் மறுகொடையும்

இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பெயரிலேயே வைத்திருக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. நம் நாட்டில் ஏராளமான கல்லூரி நூலகங்கள் பயன்படுத்தும் 'கோஹா'. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளையின் பழைய மென்பொருள், 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது வேலை செய்யாது என்ற நிலை. அந்த நூலகம் கட்டிப்போ என்ற உள்ளூர் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துப் புதிய மென்பொருளை எழுதச் செய்தது. 2000 ஜனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. பிறகு அதை உலகுக்கே திறந்துவிட்டது. கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. ஆனால், பெற்றவர் பின்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அந்த வழக்கத்தில் உண்டு. நம் மொய் போல. மொய் எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் வெறுங்கையோடு போவதில்லை.

நூலகங்கள் இன்று உள்ளூர் நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்துக் கோஹாவை நிறுவுகின்றன, பழுது பார்க்கின்றன. புதிய வசதி வேண்டுமெனில் சில நூலகங்கள் சேர்ந்து செலவைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக உருவாக்கிய 'இ.ஆர்.பி. நெக்ஸ்ட்' மென்பொருளும் கட்டற்றதே. அதன் நிரல் எவருக்கும் கிடைக்கும். வழங்கியில் வைத்து நடத்திக் கொடுப்பதிலும் ஆதரவுச் சேவையிலும் அந்நிறுவனம் வருவாய் ஈட்டுகிறது. பெங்களூருவின் செரோதா நிறுவனம், தான் கட்டற்ற மென்பொருளின் மீது எழுந்தது என்பதை ஏற்று, அத்தகைய திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியை 2024 அக்டோபரில் அறிவித்தது. ஜெர்மனி 2022-லேயே அரசுப் பணத்தில் இதற்கென ஒரு நிதியத்தை உருவாக்கியது. சாலையைப் போல, பாலத்தைப் போல இதுவும் பொதுக் கட்டமைப்பு என்பதே அதன் அடிப்படை.

அரசு என்ன செய்யலாம்?

தமிழ்நாடு இத்துறையில் பிந்தி வந்த மாநிலம் அன்று. 2000-களின் நடுவில் எல்காட் நிறுவனம், அப்போதைய மேலாண்மை இயக்குநர் சி.உமாசங்கரின் முனைப்பில் சூசே லினக்ஸுக்கு மாறியது நாடெங்கும் பேசப்பட்டது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே மாணவர் கைக்கு வந்தது. எங்கள் பகுதியில் அந்த மடிக்கணினிகள் பழுதுக்கு வந்தபோது, பாஸை அழித்துவிட்டு இடத்தை விண்டோஸுக்குக் கொடுங்கள் என்று கேட்டவர்களே அதிகம். அதைப் பழுது பார்க்கப் பழகிய ஆள்கள் எங்கள் தொழிலில் அரிது. அன்று நானும் பழகியிருக்கவில்லை. கேட்டபடி அழித்துக் கொடுத்தேன். ஒரு பொருளைக் கொடுப்பதும் அதற்குத் துணைநிற்கும் ஆளைக் கொடுப்பதும் வேறுவேறு என்பதை அப்போது நான் உணரவில்லை.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வேறு காட்சி. கேரளம் 2001-இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம், கட்டற்ற மென்பொருளைப் பாடத்திலேயே சேர்த்தது. 2017-இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. பள்ளிகளுக்கெனத் தனி லினக்ஸ் பதிப்பைத் தயாரிப்பதோடு, ஆசிரியர்களுக்குக் கற்றுத்தர மாவட்டந்தோறும் முதன்மைப் பயிற்சியாளர்களையும் அது வைத்திருக்கிறது. உரிமத்தில் மிச்சமான பணத்தின் ஒரு பகுதி மனிதர்களுக்குச் சென்றது. அதனால்தான் அந்த மாற்றம் வேர்பிடித்தது.

மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட கொள்கை, அரசுத் துறைகள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. முன்னுரிமை மட்டும் போதாது. ஒப்பந்தப்புள்ளியில் 'உரிமக் கட்டணம்: 0' என்ற வரியைப் பார்த்து மகிழும் அதிகாரி, அதற்குக் கீழே 'ஆண்டுப் பராமரிப்பு' என்ற வரியையும், 'செய்யும் திருத்தங்களை மூலத் திட்டத்துக்கு அனுப்புதல்' என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் தமிழ்த் திருத்தம் ஓர் அலுவலகக் கணினியோடு முடங்கிப்போனால், அடுத்த துறை அதே பிழைக்கு மீண்டும் பணம் கொடுக்க நேரிடும்.

சிறு தொழில் செய்வோருக்குச் சில யோசனைகள்

என் அனுபவத்திலிருந்து சில நடைமுறைகளைச் சொல்லலாம். ஒன்று, கட்டற்ற மென்பொருளை நம்பித் தொழில் நடத்துவோர், ஏ.சி.க்கும் ஜெனரேட்டருக்கும் போடுவதைப் போல அதற்கும் ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது நல்லது. உரிமத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியே போதும்.

இரண்டு, குறிப்பிட்ட பிழைக்குக் காசு கொடுக்கும்போது, திருத்தம் மூலத் திட்டத்தில் சேர வேண்டும் என்பதைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். தன் கணினியில் மட்டும் செய்துகொண்ட ஒட்டு, அடுத்த பதிப்பு வந்ததும் கிழிந்துவிடும், மறுபடியும் கூலி. மூலத்தில் சேர்ந்துவிட்டால் அதைக் காப்பது எல்லோருடைய பொறுப்பும் ஆகிறது. ஆனால், சேர்த்தே ஆக வேண்டும் என்று மூலத் திட்டத்தாரைக் கட்டாயப்படுத்த முடியாது. எனவே, வேலையைத் தொடங்கும்முன் அவர்களிடம் கலந்து பேசுவது அவசியம்.

மூன்று, நான் தாமதமாகக் கற்ற பாடம். நாங்கள் அனுப்பிய திருத்தத்தை மூலத் திட்டத்தில் ஒருவர் வரிவரியாகச் சரிபார்த்தார். இரண்டு முறை திருப்பி அனுப்பி மேம்படுத்தச் சொன்னார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. 18,000 ரூபாயில் ஒரு காசும் அவருக்குப் போகவில்லை. திருத்துபவருக்குக் கூலி கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். சரிபார்ப்பவரின் உழைப்பு கணக்கிலேயே வரவில்லை. இப்போது, நான் நிறுவிக் கொடுக்கும் கட்டற்ற மென்பொருள்களுக்கு, வாடிக்கையாளரிடம் வாங்கும் பராமரிப்புத் தொகையில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் நன்கொடையாக அனுப்புகிறேன்.

நான்கு, கூட்டாகச் செய்யலாம். சாய ஆலைகளின் கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துவது திருப்பூரின் போட்டியாளர்கள்தாம். கறிக்கோழிப் பண்ணைக் கொள்முதல் விலையை நாள்தோறும் அறிவிப்பது பல்லடத்தில் இயங்கும் ஒருங்கிணைப்புக் குழுதான். தொழிலில் போட்டியிட்டுக்கொண்டே பொதுத் தேவைக்குக் கூடுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. விசைத்தறியாளர்களுக்கும் பண்ணையாளர்களுக்கும் ஏற்ற கணக்கு மென்பொருளை, தமிழிலேயே, சங்கங்கள் பங்கிட்டுச் செலவழித்துப் பேணச் செய்ய இயலாதா?

வேறுபாடு எங்கே?

'காசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் விலைக்கு விற்கும் மென்பொருளையே வாங்கிவிடலாமே' என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. பல இடங்களில் அதுவே சரியான முடிவாகவும் இருக்கும். பணம் கொடுத்தாலும் கட்டற்ற மென்பொருளில் எல்லாம் உடனே சரியாகிவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நல்ல ஆள் கிடைக்காமல் அலைந்ததும் உண்டு.

வேறுபாடு, யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. மூடிய மென்பொருளில் பழுதைச் சரிசெய்ய அதைச் செய்தவரால் மட்டுமே முடியும். அவர் மறுத்தாலும், விலையை உயர்த்தினாலும், கடையை மூடினாலும் நமக்கு வேறு கதியில்லை. கட்டற்ற மென்பொருளில் ஒரு பிட்டர் சரியில்லையெனில் இன்னொருவரை அழைக்கலாம். அந்தப் பிட்டர் கோவையிலோ பல்லடத்திலோ இருக்கலாம். ஆண்டுதோறும் இப்பகுதிக் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் பொறியியல் பட்டதாரிகள் பெங்களூருவுக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறுகிறார்கள். உள்ளூர்த் தொழில்களின் மென்பொருளை உள்ளூரிலேயே பேணும் வேலைக்குக் கூலி உண்டு என்ற நிலை வந்தால், அவர்களில் சிலரேனும் இங்கேயே தங்குவார்கள்.

அந்தத் தறிக்கூடத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். புதிய பதிப்பில் எண்கள் வரிசை மாறி அச்சாவதாக உரிமையாளர் காட்டினார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "எத்தன நாள் வேலைன்னு அந்தப் புள்ளைகிட்ட கேட்டுச் சொல்லுங்க தம்பி, கூலியப் பேசிக்கலாம்" என்றார்.